ஆட்சேபணை உண்டு

“இன்னைக்கு யாரு செத்தாங்க?”

நான் கோர்ட்டிலிருந்து திரும்பும் நாளில் என் கணவர் கதவைத் திறக்கும்போதே இதைத்தான் கேட்பார். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

“யாரும் சாகலை. காய்ச்சல்.”

“வக்கீலுக்கா, விசிலுக்கா?”

“விசிலுக்கு.”

“பாவம் மனுஷன். தேதி பார்த்துக் காய்ச்சல் வருது” என்று சொல்லிவிட்டுச் சலூனுக்குக் கிளம்பிவிடுவார். அவர் முடி வெட்டுபவர். கடைக்கு வருகிற அத்தனை பேருக்கும் என் வழக்கு அத்துப்படி. நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தில் துணியைக் கட்டியதுமே, “அம்மா கேஸ் என்னாச்சு?” என்று கேட்பார்கள். இவரும் கத்தரியை நிறுத்திவிட்டு விலாவாரியாகச் சொல்வார். பாதி வெட்டிய தலையோடு அவர்கள் கதை கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

எனக்குச் சிரிப்பு வராது, கோபம்தான் வரும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊரே சொல்லும். ஊர் சொன்னது சரிதான், அதில் நான் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நான் பிஸ்கட் தொழிற்சாலையில் அடுக்கும் மேசையில் வேலை பார்த்தவள். அடுப்பிலிருந்து வெளியே வரும் பிஸ்கட்டுகள் பெல்ட்டில் வரிசை வரிசையாக எங்கள் மேசைக்கு ஓடிவரும். உடைந்ததையும் கருகியதையும் பொறுக்கிக் கீழே தள்ள வேண்டும். நல்லதை அடுக்கி, உறை போடும் இயந்திரத்துக்கு அனுப்ப வேண்டும். மூக்கு அரித்தால் சொறிய நேரம் இருக்காது. பெல்ட் யாருக்காகவும் காத்திருக்காது.

விசில் எங்கள் சூப்பர்வைசர். இடைவேளைக்கு விசில் அடிப்பதால் அந்தப் பெயர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மேனேஜர் கூப்பிட்டால் இரண்டு கால்களும் தரையில் படாமல் ஓடுகிற வகை, அவ்வளவுதான்.

கம்பெனியில் எல்லோருக்கும் ஒரே அளவு கோட்டுதான். என் பக்கத்தில் நிற்கிறவளைக் கீச்சு என்று கூப்பிடுவோம். குரலும் கீச்சு, ஆளும் சின்ன ஆள். இரண்டு பிள்ளைக்குத் தாய் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கோட்டுக்குள் அவள் தொலைந்துபோய் நிற்பாள். கையை மடித்துவிட்டாலும் அது அவிழ்ந்து தொங்கும். ஒருநாள் அந்தத் தொங்கிய கை பெல்ட் உருளைக்குள் போய்விட்டது. துணி சுற்றச் சுற்ற அவள் கையும் கூடவே போனது. அவள் கத்தியது அந்த இயந்திரச் சத்தத்தில் எனக்கு மட்டும்தான் கேட்டது.

நான் பெல்ட்டை நிறுத்தினேன். சுவரில் சிவப்புப் பொத்தான் இருக்கிறது, அமுக்கினேன். அதில் யோசிக்க என்ன இருக்கிறது? கீச்சுவுக்குத் தோல் உரிந்ததோடு போயிற்று. ஆனால் பெல்ட் நின்றால் அடுப்புக்குள் இருக்கும் பிஸ்கட் எல்லாம் கரியாகும். கரியாயிற்று. சூப்பர்வைசர் அனுமதி இல்லாமல் பெல்ட்டை நிறுத்தக் கூடாது என்பது கம்பெனி விதி. நான் உற்பத்திக்கு இடையூறு செய்தேனாம், மேலதிகாரிக்குக் கீழ்ப்படியவில்லையாம். விசாரணை என்று ஒன்று நடத்தினார்கள். பிறகு என்னைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தினார்கள்.

அதனால் தொழிலாளர் கோர்ட்டுக்குப் போனேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதே கேட் வழியாக, அதே மேசைக்கு, நான் திரும்பப் போக வேண்டும். சும்மா கௌரவத்துக்காக இல்லை. நான் போன பிறகு உள்ளே இருப்பவர்கள் ஒரு பாடம் படித்திருந்தார்கள். பெல்ட்டை நிறுத்தினால் வேலை போகும். நான் திரும்பி வராவிட்டால் அந்தப் பாடம் அப்படியே நின்றுவிடும். அதை அழிக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அதிலும் ஒரு சிக்கல். வருடம் முடிந்தால் எனக்கு ஓய்வு வயது வந்துவிடும். அதன் பிறகு நான் ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றுதான், மேசைக்கு அனுப்ப முடியாது. இது எனக்குத் தெரிந்த அளவுக்குக் கம்பெனிக்கும் தெரியும். அதனால்தான் அவர்கள் வாதாடவே இல்லை, வாய்தா மட்டும் வாங்கினார்கள்.

கம்பெனி வக்கீலுக்கு என் கணவர் வைத்த பெயர் சர்க்கரை. வாயைத் திறந்தால் அப்படி ஒரு இனிப்பு. என்னைப் பார்த்தால் கூட, “வாங்கம்மா, சாப்பிட்டீங்களா?” என்பார். பிறகு எழுந்து நின்று, முக்கிய சாட்சியான சூப்பர்வைசரால் இன்று வர முடியவில்லை என்று வருத்தத்தோடு தெரிவிப்பார். ஒருமுறை விசிலுக்குக் காய்ச்சல். ஒருமுறை விசிலின் மாமியார் காலமாகிவிட்டார். ஒருமுறை தொழிற்சாலையில் ஆடிட். ஒருமுறை சர்க்கரைக்கே தொண்டை கட்டிவிட்டது. தொண்டை கட்டியதைக் கணீரென்ற குரலில் சொன்னார்.

நானும் கால் கடுக்கப் போய் வந்துகொண்டிருந்தேன். பின் பெஞ்சில் உட்காருவேன். அங்கே மின்விசிறி கொஞ்சம் சுற்றும். என் வக்கீல் முன்னால் பாதி எழுந்து ஏதோ இரண்டு வார்த்தை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உட்காருவது தெரியும். எனக்காகச் சண்டை போடுகிறார், பாவம், அவரும் என்ன செய்வார் என்று நினைத்துக்கொள்வேன். தொழிற்சங்கம் ஏற்பாடு செய்து கொடுத்த வக்கீல். நல்ல மனிதர். தலைமுடி கலைந்திருக்கும், வழக்குக் கட்டுகள் கையிலிருந்து நழுவிக்கொண்டே இருக்கும்.

ஒருநாள் பின் பெஞ்சு முழுக்க வேறொரு வழக்குக்காரர்கள் வந்து அடைத்துக்கொண்டார்கள். முன் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அன்றைக்குத்தான் நீதிபதி அம்மா சொன்னது என் காதில் விழுந்தது.

“எதிர்த்தரப்புக்கு ஆட்சேபணை இல்லை. அப்புறம் நான் என்ன சொல்ல? தள்ளி வைக்கிறேன்.”

எதிர்த்தரப்பு என்றால் யார்? நான்தானே? எனக்கு எப்போது ஆட்சேபணை இல்லாமல் போயிற்று? தலைமுடி முதல் கால் வரை ஆட்சேபணையாகத்தானே நான் உட்கார்ந்திருக்கிறேன்?

தாழ்வாரத்துக்கு வந்ததும் வக்கீலைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் டைப் அடிக்கிறவர் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

“சார், நீங்க எந்திரிச்சு என்ன சொல்றீங்க ஒவ்வொரு தடவையும்?”

“அது ஒண்ணும் இல்லம்மா. ஆட்சேபணை இல்லைன்னு சொல்லுவேன்.”

“எதுக்கு?”

“அது ஒரு மரியாதைம்மா. இன்னைக்கு அவர் கேட்டா நான் ஒத்துக்குவேன். நாளைக்கு எனக்கு வேற கோர்ட்ல வேலை இருந்தா அவர் ஒத்துக்குவார். வக்கீலுங்களுக்குள்ள இது வழக்கம். எல்லாரும் செய்யறதுதான்.”

“அப்ப நீங்க ரெண்டு பேரும் கொடுத்து வாங்கிக்கறது யாரோட நாளு?”

அவர் நழுவிய கட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

“என்னோட நாளு சார். எனக்கு இருக்கிறதே கொஞ்சம். அதை எடுத்து நீங்க அவருக்கு மரியாதை செய்யறீங்க.”

“கோவப்படாதீங்கம்மா. அவன் என்கூடப் படிச்சவன். ஒரே பெஞ்சு. திடீர்னு முடியாதுன்னு சொன்னா அவன் முகத்துல எப்படி முழிக்கிறது?”

“அவர் முகத்துல ஏன் முழிக்கணும்? நீதிபதி அம்மாவைப் பார்த்துப் பேசுங்க.”

டைப் அடிக்கிறவர் சிரித்துவிட்டார். என் வக்கீலுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. வீட்டுக்கு வந்து, கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேனோ என்று கணவரிடம் கேட்டேன். “நீயா? கம்மியாத்தான் பேசியிருப்ப” என்றார்.

அந்த வாரக் கடைசியில் கீச்சு வீட்டுக்கு வந்தாள். அவள் எனக்காகச் சாட்சி சொல்லவில்லை. சொன்னால் அவள் வேலையும் போகும், வீட்டில் அவள் சம்பளம்தான். வரும்போதெல்லாம் அதை நினைத்து அழுவாள், நான் அதட்டுவேன். அன்றைக்கு அழவில்லை. வந்ததும் வராததுமாகச் சொன்னாள்.

“அக்கா, நேத்து உறை போடுற மிஷின்கிட்ட ஒருத்திக்குக் கை மாட்டிக்கிச்சு.”

“ஐயோ, யாரு?”

“புதுசா சேர்ந்தவ. நகம் பிஞ்சு போச்சு. நாங்க எல்லாரும் விசிலைக் கூப்பிட்டுக் கத்தறோம். ஆபீஸ் ரூமுக்கு ஓடுறோம். பொத்தானை மட்டும் யாரும் தொடலை. நானும் தொடலைக்கா. உன்னாலதான் எனக்குக் கையே இருக்கு. அந்தக் கையை வச்சுக்கிட்டு நான் சும்மா நின்னேன்.”

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கோபம் வந்தது. அது விசில் மேலும் இல்லை, மேனேஜர் மேலும் இல்லை. அந்த இனிப்பான குரல் மேல்தான். ஒரு மனிதர் எழுந்து நின்று பணிவாகத் தொண்டையைச் செருமுகிறார், இங்கே ஒருத்திக்கு நகம் பிய்கிறது.

அடுத்த தேதி வந்தது. சர்க்கரை எழுந்தார். சூப்பர்வைசரின் மாமியார் காலமாகிவிட்டபடியால், என்று ஆரம்பித்தார். நான் என் வக்கீலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்தார். கட்டு ஒன்று கீழே விழுந்தது. அதை எடுக்கவில்லை. சர்க்கரை பக்கம் திரும்பாமல் நேராக நீதிபதி அம்மாவைப் பார்த்தார்.

“ஆட்சேபணை உண்டு.”

குரல் பாதியில் உடைந்தது. ஆனால் சொல்லிவிட்டார். சர்க்கரை, சட்டைப் பையிலிருந்து எதையோ தொலைத்தவர் மாதிரித் திரும்பிப் பார்த்தார்.

“என்ன ஆட்சேபணை?” என்று நீதிபதி அம்மா கேட்டார்.

“அந்த மாமியார் போன வருஷமே காலமாயிட்டாங்கம்மா. அதுக்கும் ஒரு வாய்தா கொடுத்தோம்” என்று நான் பெஞ்சிலிருந்தே சொன்னேன்.

கோர்ட் முழுக்கச் சிரித்தது. பேசக் கூடாது என்று ஊழியர் என்னை அதட்டினார், அவரும் சிரித்துக்கொண்டுதான் அதட்டினார். நீதிபதி அம்மா சிரிக்கவில்லை. பழைய தாள்களைப் புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் முகம் மாறியது.

“எதிர்த்தரப்பு ஒத்துக்கிட்டதால நானும் இத்தனை தடவை கொடுத்துட்டேன். இனிமே வாய்ல சொல்ற காரணம் செல்லாது. ஏன் வர முடியலைன்னு கம்பெனி எழுத்துல கொடுக்கணும். சத்தியப் பிரமாணத்தோட, ஜெனரல் மேனேஜர் கையெழுத்தோட. காரணம் உருப்படியா இருந்தாப் பார்க்கலாம். இல்லேன்னா உங்க சாட்சியமே வேண்டாம்னு முடிச்சுடுவேன்.”

வெளியே வந்ததும் என் வக்கீல் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “அவன் என்கிட்ட பேசாமலே போறாம்மா” என்றார். பிறகு, “ஆனா நல்லா இருந்துச்சு” என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

இனி கம்பெனி என்ன எழுதும் என்பதுதான் சலூனில் பேச்சு. ஆளாளுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். விசிலுக்கு அம்மை போட்டிருக்கும் என்று ஒருவர். விசிலைக் காணவில்லை என்றே எழுதிவிடுவார்கள் என்று இன்னொருவர். எனக்கு உள்ளூரப் பயமாகவே இருந்தது. பொய் சொல்லியே பழகியவர்களுக்கு ஒரு நல்ல பொய் கிடைக்காமலா போகும்? வருடக் கடைசி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்தத் தேதியில் சர்க்கரை புதுக் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார். மனுவின் நகல் ஒன்றை என் வக்கீலிடம் கொடுத்தார். இந்த முறை ஓட்டையே இல்லை என்ற நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. என் வக்கீல் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று நான் பதறிப்போய்ப் பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

“என்ன சார்?”

“உட்காருங்கம்மா. பேசாம உட்காருங்க. இன்னைக்கு ஒரு நாள் மட்டும் பேசாம இருங்க.”

எங்கள் வழக்கைக் கூப்பிட்டார்கள். சர்க்கரை எழுந்து, மனுவில் எல்லாம் விளக்கமாக இருக்கிறது, தயவுசெய்து வருடம் பிறந்த பிறகு ஒரு தேதி கொடுக்க வேண்டும் என்றார். வருடம் பிறந்த பிறகு! எவ்வளவு பதவிசாகக் கேட்டார் தெரியுமா?

நீதிபதி அம்மா என் வக்கீலைப் பார்த்தார். “உங்க ஆட்சேபணை?”

“ஆட்சேபணை இல்லைங்கம்மா” என்றார் என் வக்கீல்.

எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கையில் பை இருந்தது. அதை வீசினால் அவர் தலையில் சரியாக விழும் தூரம்தான். வீசியிருப்பேன், அதற்குள் அவர் மேலே பேசிவிட்டார்.

“இந்த மனுவுல இருக்கிற ஒரு வார்த்தைக்குக்கூட எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. எல்லாம் உண்மைன்னு ஒத்துக்கிறோம். இதை எங்க தரப்புச் சான்றாவே பதிவு பண்ணிக்கணும்னு கேட்டுக்கிறோம். ஒரு தடவை சத்தமா படிச்சீங்கன்னா நல்லா இருக்கும்.”

சர்க்கரைக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. நீதிபதி அம்மா தாளை எடுத்து நிதானமாகப் படித்தார்.

பெல்ட்டை நிறுத்தவும் ஓட்டவும் அனுமதி உள்ளவர் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் ஒருவரே. அவர் தம் இடத்தை விட்டு நகர்ந்தால், ஏதாவது ஆபத்து நேரும்போது பெல்ட்டை நிறுத்த வேறு ஒருவரும் இல்லை. தொழிலாளிகளின் கைகால்களுக்கும் உயிருக்கும் பாதுகாப்பு இல்லாமல் போய்விடும். ஆகவே, வருடக் கடைசி வேலை நெருக்கடி முடியும்வரை அவரை ஒரு மணி நேரம்கூடக் கோர்ட்டுக்கு அனுப்ப இயலாது. இதைச் சத்தியமாகச் சொல்கிறேன் என்று கீழே ஜெனரல் மேனேஜர் கையெழுத்து.

படித்து முடித்து அவர் தாளைக் கீழே வைத்தார்.

“சம்பவம் நடந்தப்ப சூப்பர்வைசர் எங்க இருந்தாருன்னு உங்க விசாரணை அறிக்கையில என்ன இருக்கு?” என்று சர்க்கரையைக் கேட்டார்.

சர்க்கரை கட்டைப் புரட்டினார். அதில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியும். நான் அவர் உத்தரவைக் கேட்காமல் நிறுத்தினேன் என்பதைப் பெரிதாகக் காட்டுவதற்காக, அவர் அப்போது மேனேஜர் அறையில் கூட்டத்தில் இருந்தார் என்று அவர்களே எழுதி வைத்திருந்தார்கள்.

“மேனேஜர் ரூம்ல... மீட்டிங்ல இருந்தாருங்கம்மா.”

“அதாவது இடத்தை விட்டு நகர்ந்திருந்தாரு.”

“ஆமாங்கம்மா.”

“அவர் நகர்ந்தா தொழிலாளிங்க உயிருக்குப் பாதுகாப்பு இல்லைன்னு உங்க ஜெனரல் மேனேஜர் சத்தியம் பண்ணியிருக்காரு. அந்த நேரத்துல ஒருத்தி கை மாட்டியிருக்கு. அப்ப பெல்ட்டை யாரு நிறுத்தியிருக்கணும்?”

சர்க்கரை வாயைத் திறந்தார். மூடினார். அந்த வாயிலிருந்து ஒன்றும் வராமல் நான் பார்த்தது அதுதான் முதல்முறை. கடைசியில் அவர், பாவம், பழக்க தோஷத்தில் சொன்னார்.

“இதுக்குப் பதில் சொல்ல... ஒரு வாய்தா கொடுத்தீங்கன்னா...”

இந்த முறை நீதிபதி அம்மாவும் சிரித்துவிட்டார். சிரித்து முடித்து, வாய்தா கிடையாது, கம்பெனி சாட்சியம் முடிந்தது, இன்றைக்கே வாதம் கேட்கிறேன் என்றார். காரணம் தேடித் தேடி, கடைசியில் என் வழக்கையே அவர்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். நான் எத்தனை வருடம் கத்தியிருந்தாலும் இவ்வளவு சுத்தமாகச் சொல்லியிருக்க முடியாது. என் வக்கீல் எழுந்து வெளுத்து வாங்கினார். கட்டு எதுவும் கீழே விழவில்லை.

சர்க்கரை சும்மா விடுவாரா? போன உயிர் திரும்பி வந்ததும் கடைசியாக ஒன்று செய்து பார்த்தார். கம்பெனிக்கு இந்த அம்மா மேல் பகை எதுவும் இல்லை, திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடத் தயார், இனிமேல் அனுமதி இல்லாமல் பெல்ட்டை நிறுத்த மாட்டேன் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், இன்றைக்கே சமாதானமாக முடித்துவிடலாம் என்றார். குரலில் இனிப்பு திரும்பியிருந்தது.

நீதிபதி அம்மா என்னைப் பார்த்தார். “என்னம்மா சொல்றீங்க?”

எழுந்து நின்றேன். ஒரு நிமிடம் ஆசை வந்தது, மறைக்க மாட்டேன். ஒரு வரிதானே? எழுதிக் கொடுத்தால் நாளைக்கே மேசைக்குப் போகலாம். தீர்ப்பு எப்படி வருமோ, யார் கண்டது? ஆனால் நான் எதற்காகத் திரும்பிப் போக நினைத்தேனோ, அதைக் கேட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவதற்கு நான் வீட்டிலேயே இருக்கலாம்.

“எழுதித் தர மாட்டேம்மா. நாளைக்கே மறுபடி யார் கையாவது மாட்டினா நான் நிறுத்துவேன். அதுக்கு யார்கிட்டயும் கேட்டுக்கிட்டு நிக்க மாட்டேன்.”

“சரி, உட்காருங்க” என்றார். அடுத்த வாரம் தீர்ப்பு என்று தேதி போட்டார்.

அந்த வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. எழுதிக் கொடுத்திருக்கலாமோ என்று ஒரு நாளும், நல்லவேளை கொடுக்கவில்லை என்று மறுநாளும் நினைத்தேன். கணவர் கிண்டலை அடியோடு நிறுத்திவிட்டார். அதுவே எனக்கு இன்னும் பயமாக இருந்தது. தீர்ப்பு நாளில் கடையை மூடிவிட்டு அவரும் வந்தார். கூடவே அவர் வாடிக்கையாளர்கள் நாலைந்து பேர். ஒருவருக்கு ஒரு பக்கக் கிருதா மட்டும்தான் வெட்டியிருந்தது.

தீர்ப்பு நீளமாக இருந்தது. எனக்குப் புரிந்த வரைக்கும் சொல்கிறேன். ஆபத்தில் பெல்ட்டை நிறுத்துவது கீழ்ப்படியாமை ஆகாது. நிறுத்த ஆள் இல்லாமல் ஓட்டியது கம்பெனியின் தவறு, அதை அவர்களுடைய மனுவே ஒத்துக்கொள்கிறது. என்னை நீக்கியது செல்லாது. வருகிற திங்கள்கிழமை அதே வேலையில், அதே மேசையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆபத்து நேரத்தில் பக்கத்தில் இருக்கும் எவரும் பெல்ட்டை நிறுத்தலாம் என்று பொத்தானுக்கு மேலே எழுதி ஒட்ட வேண்டும். பாக்கிச் சம்பளம் பற்றியும் இருந்ததாம், எனக்குக் காதில் விழவில்லை. அந்த ‘எவரும்’ என்ற வார்த்தையோடு என் காது நின்றுபோய்விட்டது.

கணவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு ஜோக் ஒன்றும் வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வீட்டுக்குப் போகலாமா?” என்று மட்டும் கேட்டார். ஒற்றைக் கிருதா மனிதர் என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

தாழ்வாரத்தில் சர்க்கரை எதிரே வந்தார். “மேல் கோர்ட்டுக்குப் போவோம்” என்று என் வக்கீலிடம் சொன்னார்.

“வாடா. நானும் வரேன்” என்றார் என் வக்கீல். “காரணம் மட்டும் நீயே எழுதிக் கொண்டா. எனக்கு வேலை மிச்சம்.”

சர்க்கரை முறைத்தார். பிறகு, என்ன இருந்தாலும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள், அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஜெனரல் மேனேஜர் தம் சத்தியத்தை இன்னொரு கோர்ட்டில் படிக்கக் கேட்க விரும்பவில்லை போலிருக்கிறது. அவர்கள் மேலே போகவே இல்லை.

திங்கள்கிழமை காலை ஷிப்டுக்குப் போனேன். காவலாளி கேட்டை முழுசாகத் திறந்து பிடித்தார். ஒரு ஆள் நுழைய அவ்வளவு அகலம் தேவையில்லை, ஆனால் திறந்து பிடித்தார். உள்ளே வெண்ணெயும் சூடும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. கீச்சு ஓடிவந்து கட்டிக்கொண்டாள். மற்றவர்கள் அக்கா, அக்கா என்று மொய்த்துக்கொண்டார்கள். விசில் தூரத்தில் நின்று தரையைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் வந்து, “என் மாமியார் உங்களைக் கேட்டாங்க” என்றார். முழித்தேன். “நல்லாத்தான் இருக்காங்கம்மா. ரெண்டு தடவையும் கம்பெனி என்னைக் கேக்காமத்தான் சொல்லிச்சு” என்றார். நான் சிரித்த சிரிப்பில் கோட்டுப் பித்தான் தெறித்துவிட்டது.

பெல்ட் ஓட ஆரம்பித்தது. கைகள் எதையும் மறக்கவில்லை. உடைந்ததைக் கீழே, நல்லதை மேலே. ஆனால் நான் சந்தோஷமாக இருந்தேனே தவிர, அவர்கள் இன்னும் பயந்துதான் இருந்தார்கள். புதுசாக ஒட்டியிருந்த அறிவிப்பை எல்லோரும் ஓரக்கண்ணால் பார்த்தார்களே ஒழிய, அதன் பக்கத்தில் போகக்கூட மாட்டேன் என்றார்கள். ஒரு தாளை நம்பி யார் வேலையைப் பணயம் வைப்பார்கள்?

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் பெல்ட் நின்றது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் இரண்டு கைகளும் பிஸ்கட்டில் இருந்தன. மேசையின் மறு கோடியில், கீச்சு சொன்ன, நகம் பிய்ந்த அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய கையுறை நுனி உருளையில் சிக்கியிருந்தது. மற்றொரு கை பொத்தானை அமுக்கியபடி அப்படியே இருந்தது, எடுக்க மறந்துவிட்டாள். முகத்தில் ரத்தமே இல்லை.

விசில் ஓடிவந்தார். அவர் உருளையைப் பின்பக்கமாகச் சுற்றிக் கையுறையை விடுவித்தார். அவள் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அடிபட்டுச்சா?”

“இல்ல சார்.”

“சரி. போய் வேற கையுறை மாத்திக்கிட்டு வா. மெதுவா வா.”

அவ்வளவுதான் சொன்னார். அவள் திரும்பி வரும்வரை பெல்ட் நின்றது, நாங்களும் நின்றோம். அவள் வந்து தன் இடத்தில் நின்ற பிறகுதான் ஓட்டினார். அடுப்பிலிருந்து கன்னங்கரேலென்று பிஸ்கட் வர ஆரம்பித்தது, வந்துகொண்டே இருந்தது. நாங்கள் எல்லோரும் குனிந்து அதைப் பொறுக்கிப் பொறுக்கிக் கீழே போட்டோம். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் கருகிய பிஸ்கட் பொறுக்கியதில்லை.